நாய், பூனை குரூமிங் சாஃப்ட்வேர்: வாடிக்கையாளர் பதிவுகளும் அப்பாயின்ட்மென்ட்டும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோட்டுப் புத்தகத்திலிருந்து சாஃப்ட்வேருக்கு மாறும் குரூமர்கள், அதாவது நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடுபவர்கள், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பல வருடம் குளியல் தொட்டிக்கும் ட்ரிம் மேசைக்கும் நடுவே நின்றவள் நான். அப்புறம் வரவேற்பு மேசையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டேன். குறிப்பிட்ட ஒரு சாஃப்ட்வேரை மனதில் வைத்து இதை எழுதவில்லை. பொத்தான்களின் பெயர் ஒன்றுக்கொன்று மாறும், செய்ய வேண்டிய வேலை மாறாது.

நோட்டில் எழுதியே நன்றாக ஓடுகிறது. எதற்காக மாற வேண்டும்?

இன்று யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் போதும் என்றால் நோட்டே போதும். ஆனால் தேதிவாரியாக எழுதிய நோட்டில் ஒரு நாயின் கதை பத்துப் பக்கங்களில் சிதறிக் கிடக்கும். மீதிக் கதை நம் தலைக்குள் இருக்கும். ஆபத்து அங்கேதான்.

நான் வேலை செய்த ஒரு கடையில் வயதான காக்கர் ஸ்பானியல் ஒன்று மாதா மாதம் வரும். அதற்கு இடது காதில் ஓயாத வலி. அந்தக் காதைத் தொடுவதற்கு முன் கன்னத்தைத் தடவி, பேச்சுக் கொடுத்துத்தான் கையைக் கொண்டுபோக வேண்டும். எனக்கு அது தெரியும், எழுதி மட்டும் வைக்கவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் என்னுடன் வேலை பார்த்த பெண் அதை எடுத்து நேரே காதைத் துடைக்கப் போனாள். கையில் ஆழமான கடி. நாயின் மீதும் தவறில்லை, அவள் மீதும் தவறில்லை. அன்று மாலையே உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒவ்வொரு நாயையும் பற்றி எழுத ஆரம்பித்தேன்.

அந்தப் பிராணியை முன்பின் பார்த்திராத ஒருவர், பதிவை மட்டும் படித்துவிட்டு அதைப் பத்திரமாகக் கையாள முடிய வேண்டும். நல்ல பதிவு எது என்று கேட்டால் என் அளவுகோல் இதுதான். அப்பாயின்ட்மென்ட் நேரம் சரியாக அமைவதும் இதே பதிவைப் பொறுத்துத்தான் என்பதைக் கீழே பார்ப்போம்.

பதிவு உரிமையாளர் பெயரிலா, நாயின் பெயரிலா?

இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். உரிமையாளர் பதிவில் பெயர், கைபேசி எண், முகவரி, எப்படித் தொடர்புகொண்டால் பிடிக்கும் என்பது, பணக் கணக்கு. பிராணியின் பதிவில் உடம்பு, குணம், வெட்டிய விதம். ஒரு வீட்டில் மூன்று நாய்கள் என்றால் ஒரே உரிமையாளர் பதிவின் கீழ் மூன்று பதிவுகள். "ரோஸி + பிரவுனி + குட்டி" என்று ஒரே பெயராக எழுதி ஒப்பேற்றினால், எந்த நாய்க்கு எந்த ஷாம்பூ ஒத்துக்கொள்ளவில்லை என்பது ஆறு மாதத்தில் யாருக்கும் புரியாது.

நாயைக் கொண்டுவந்து விடுபவர், அழைத்துப் போகிறவர், அவசரத்துக்கு முடிவெடுக்கக்கூடியவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். மூன்றுக்கும் இடம் வையுங்கள். குடும்பம் பிரிந்து, நாய் யாரிடம் என்பதில் சண்டை நடக்கும் வீடுகளும் உண்டு. யாரிடம் ஒப்படைக்கலாம் என்று எழுத்தில் இருந்தால் வாசலில் நிற்கும் பணியாளர் திண்டாட மாட்டார்.

பிராணியின் பதிவில் கட்டாயம் என்னென்ன வேண்டும்?

எத்தனை கட்டங்கள் இருந்தாலும் மூன்று விஷயங்கள் பதிவைத் திறந்ததுமே, கீழே உருட்டாமல், கண்ணில் பட வேண்டும்: கடிக்கும் அல்லது பயப்படும் இடம், உடல்நலக் குறை, ஒவ்வாமை. பல சாஃப்ட்வேரில் இதற்குச் சிவப்புக் குறியோ எச்சரிக்கைப் பட்டையோ இருக்கும். அதை இந்த மூன்றுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். "உரிமையாளர் எப்போதும் தாமதம்" என்பதையும் அதே சிவப்பில் போட்டால் கொஞ்ச நாளில் எல்லாருக்கும் கண் பழகி, சிவப்பையே யாரும் படிக்க மாட்டார்கள்.

உடல்நலத்தில் நான் விடாமல் கேட்பவை வலிப்பு, இதய நோய், நீரிழிவு, மூட்டு வலி, சமீபத்தில் நடந்த அறுவை சிகிச்சை. கழுத்துப்பட்டை இறுகினால் இருமும் சின்ன நாய்க்கு மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கலாம். அதற்கு மேசையில் கழுத்துக் கயிறு போடாமல் உடம்பைச் சுற்றிப் போடும் பட்டை வேண்டும். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்கு நாய்களால் சூட்டைத் தாங்க முடியாது. கூண்டுக்குள் வைத்துக் காற்றடித்து உலர்த்தும் கூண்டு டிரையரில் அவற்றைத் தனியாக விடக் கூடாது என்பது பதிவிலேயே இருக்க வேண்டும். பிராணி வழக்கமாகப் போகும் கால்நடை மருத்துவரின் எண்ணும் அதே திரையில் இருக்கட்டும்.

அப்புறம் வெட்டிய விதம். "போன தடவை மாதிரியே" என்று உரிமையாளர் சொல்லும்போது நமக்குத் தேவை நினைவு இல்லை, எண். உடம்புக்கு 7எஃப் பிளேடு, காலுக்கு எந்தச் சீப்பு, முகம் கத்தரியில் உருண்டையாக, வால் தொடவில்லை என்று எழுதி வைத்தால் அடுத்த தடவை யார் வெட்டினாலும் அதே நாய்தான் வீட்டுக்குப் போகும். பிளேடின் எண் ஏற ஏற முடி குட்டையாகும்: 10ஆம் எண் சுமார் 1.5 மில்லிமீட்டர், 7எஃப் சுமார் 3, 5எஃப் சுமார் 6, 4எஃப் 9க்குக் கொஞ்சம் மேல். "குட்டையா வெட்டுங்க" என்பதற்கு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு நீளம் இருக்கும். எண்ணாக எழுதிவிட்டால் அந்தச் சண்டையே வராது.

எடையை ஒவ்வொரு வருகையிலும் குறியுங்கள். அரை நிமிட வேலைதான். இரண்டு வருகைகளுக்கு இடையே ஒரு வயதான நாய் மளமளவென்று இளைத்திருந்தால், அதை உரிமையாளரை விட முதலில் கவனிப்பது பெரும்பாலும் நாம்தான். தினமும் பார்ப்பவர் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

குணத்தைப் பற்றி எப்படி எழுதுவது? "கெட்ட நாய்" என்று எழுதலாமா?

கூடாது. முதல் காரணம், அதில் தகவல் எதுவும் இல்லை. "பின்னங்கால் நகத்தைத் தொட்டால் திரும்பிக் கடிக்க வருகிறது, முன்னங்காலுக்குச் சும்மா இருக்கிறது, டிரையர் சத்தம் கேட்டால் நடுங்குகிறது, இரண்டு பேர் இருந்தால் அமைதியாக முடிகிறது" என்று எழுதினால் அடுத்தவருக்கு ஒரு வழி கிடைக்கிறது. என்ன செய்தது, எப்போது செய்தது, எது உதவியது, இந்த மூன்றும் இருந்தால் போதும். தேதியும் போடுங்கள். குட்டியாக இருந்தபோது பயந்த நாய் இரண்டு வயதில் அமைதியாக இருக்கலாம், பழைய குறிப்பு அதன் மேல் காலத்துக்கும் ஒட்டிக்கொண்டிருப்பது நியாயம் இல்லை.

இரண்டாவது காரணம், சில சாஃப்ட்வேரில் வாடிக்கையாளர் தன் கணக்கில் நுழைந்து குறிப்புகளைப் பார்க்க முடியும். எந்தக் கட்டம் உள்ளுக்கு மட்டும், எது வெளியே தெரியும் என்பதை முதல் நாளே ஒரு சோதனைக் கணக்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பூனைக்கும் இதே படிவம் போதுமா?

போதாது. இனம் என்பதற்கு முன்னால் "நாயா, பூனையா" என்ற கட்டம் தனியாக, காலியாக விட முடியாததாக இருக்க வேண்டும். நாய்களுக்கான சில உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. அது பூனைக்கு விஷம், உயிரே போகலாம். ஆகவே உண்ணிக் குளியல் போன்ற சேவைகளை நாய்க்கு மட்டும் என்று அமைத்து, பூனையின் பெயரில் அதைத் தேர்ந்தெடுக்கவே முடியாதபடி செய்யுங்கள். சாஃப்ட்வேரில் அந்த வசதி இல்லை என்றால் சேவையின் பெயரையே "உண்ணிக் குளியல் – நாய் மட்டும்" என்று மாற்றுங்கள். பூனைகளை நாய்க் குரைப்பு இல்லாத நேரத்தில், முடிந்தால் நாளின் முதல் ஆளாகப் போடுவது நல்லது.

தடுப்பூசி விவரத்தை எப்படி வைத்துக்கொள்வது?

போட்ட தேதியோடு, எதுவரை செல்லும் என்ற தேதியும் வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியில் ஒரு வருடம் செல்லுபடியாவதும் உண்டு, மூன்று வருடம் செல்லுபடியாவதும் உண்டு. போட்ட தேதியை மட்டும் வைத்து சாஃப்ட்வேர் ஒரு வருடம் என்று கணக்குப் போட்டால், சரியாக இருக்கும் நாயின் உரிமையாளருக்கு வீண் எச்சரிக்கை போகும். சான்றிதழைப் படம் பிடித்து இணைத்துவிடுங்கள். எச்சரிக்கையைப் பிராணி வரும் அன்று காட்டினால் பயன் இல்லை. அப்பாயின்ட்மென்ட் போடும் நேரத்திலேயே "அன்றைய தேதிக்குள் முடிந்துவிடும்" என்று காட்டும்படி அமையுங்கள்.

புகைப்படம் எடுத்து வைப்பது அவசியமா?

அவசியம், அதிலும் வேலையைத் தொடங்குவதற்கு முன் எடுக்கும் படம். முடி சடை பிடித்து வரும் நாயை வெட்டும்போது அடியில் ஏற்கெனவே புண்ணோ சிவப்போ இருக்கலாம். காதில் இறுகியிருந்த சிக்கை எடுத்ததும் காது மடலில் ரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. சிக்கை இழுத்து இழுத்துப் பிரிப்பது நாய்க்குச் சித்திரவதை. பல நேரம் குட்டையாக வெட்டிவிடுவதே இரக்கம். அதை உரிமையாளரிடம் முதலிலேயே காட்டி, விளக்கி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கி, படத்தோடு அன்றைய வருகையில் இணைத்துவிடுங்கள். ஒப்புதல் பிராணியின் பொதுப் பதிவில் ஒரு தடவை இருந்தால் போதாது, அந்த வருகைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

அந்தப் படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடலாமா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு ஒப்புதல்.

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவுகள் உண்டாகிவிட்டன. என்ன செய்வது?

இணைக்கும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். ஒன்றை அழித்துவிடாதீர்கள், அதில் இருக்கும் வரலாறும் சேர்ந்து போய்விடும். இணைப்பதற்கு முன் இரண்டிலும் எச்சரிக்கைக் குறிப்புகளைப் படித்துப் பாருங்கள், சில சாஃப்ட்வேர் ஒன்றின் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும்.

இரட்டைப் பதிவு வராமல் இருக்க, பெயரால் தேடாதீர்கள். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே பெயர் நான்கு விதமாக வரும். கைபேசி எண்ணால் தேடும் பழக்கம் வந்துவிட்டால் முக்கால்வாசிப் பிரச்சினை தீரும்.

எக்செல் கோப்பில் இருக்கும் பழைய விவரங்களை ஏற்ற முடியுமா?

முடியும். சிஎஸ்வி (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் எளிய கோப்பு வகை) கோப்பாக ஏற்றும் வசதி பெரும்பாலும் இருக்கிறது. நான் பார்த்தவரை திரும்பத் திரும்ப நான்கு இடங்களில் தவறு நடக்கிறது. கைபேசி எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யத்தையும் கூட்டல் குறியையும் எக்செல் தின்றுவிடும். பிராணியின் தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணை விஞ்ஞானக் குறியீடாக மாற்றிவிடும், அப்படியே சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிப் போகலாம். இந்த இரண்டு நெடுவரிசைகளையும் முதலிலேயே "எழுத்து" (Text) வகைக்கு மாற்றிவிட்டு அப்புறம் விவரங்களை ஒட்டுங்கள். தமிழில் எழுதிய பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறினால், கோப்பை எல்லா மொழி எழுத்துகளுக்கும் இடம் தரும் யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்கவில்லை என்று அர்த்தம். தேதியில் 03/04 என்பது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று சாஃப்ட்வேர் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள். தடுப்பூசித் தேதி மாறிப்போனால் விளைவு பெரியது.

முதலில் பத்து பேரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியாக வந்தால் மீதியை ஏற்றலாம். பழைய கோப்பை அழிக்காதீர்கள், நோட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாடிக்கையாளரின் நாய் இறந்துவிட்டது. பதிவை என்ன செய்வது?

அழிக்க வேண்டாம். "இறந்துவிட்டது" என்ற நிலைக்கு மாற்றுங்கள். அப்படி ஒரு நிலை இல்லாத சாஃப்ட்வேர் என்றால் "செயலில் இல்லை" என்று வைத்துக் குறிப்பில் எழுதுங்கள். மாற்றிய கையோடு நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வரவிருக்கும் அப்பாயின்ட்மென்ட்கள், தானாகத் திரும்ப வரும் புக்கிங், தடுப்பூசி நினைவூட்டல், பிறந்தநாள் வாழ்த்து.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதினான்கு வருடம் வளர்த்த நாயை இழந்த ஒரு பெரியம்மாவுக்கு, மூன்று வாரம் கழித்து எங்கள் கடையிலிருந்து "பிறந்தநாள் வாழ்த்துகள், குளியலுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று செய்தி போனது. நாய் இறந்த செய்தி கேட்டு நாங்கள் எல்லாரும் அழுதவர்கள்தான், காலண்டரில் இருந்த அப்பாயின்ட்மென்ட்டை அன்றே ரத்தும் செய்திருந்தோம். வாழ்த்துச் செய்தி வேறு இடத்தில் இருந்து போகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. உங்கள் சாஃப்ட்வேரில் ஒரு கற்பனை நாயை உருவாக்கி, அதை இறந்ததாகக் குறித்து, எந்தச் செய்தியாவது இன்னும் வரிசையில் நிற்கிறதா என்று ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.

பழைய படங்களை அப்படியே வைத்திருங்கள். கேட்டு வருவார்கள்.

ஒரு அப்பாயின்ட்மென்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

இனத்தை வைத்து ஒதுக்கத் தொடங்கி, அந்த நாயின் சொந்த நேரத்துக்கு மாறுவதுதான் சரியான வழி. முதல் வருகைக்குச் சாஃப்ட்வேர் வேறு என்ன செய்ய முடியும்? பூடில் என்றால் இவ்வளவு, லாப்ரடார் என்றால் இவ்வளவு என்று ஒரு பட்டியல் வேண்டியதுதான். ஆனால் ஒரே அளவுள்ள இரண்டு பூடில்களில் ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடியும், இன்னொன்று இரண்டரை மணி நேரம் எடுக்கும். முடியின் அடர்த்தி, வீட்டில் சீவுகிறார்களா, கடைசியாக எப்போது வந்தது, மேசையில் நிற்குமா என்பதெல்லாம் சேர்ந்துதான் நேரம்.

ஆகவே "வந்தது", "தொடங்கியது", "முடிந்தது" என்ற பொத்தான்களை ஒழுங்காக அழுத்துங்கள். இதைச் சலிப்பான வேலையாகப் பலர் விட்டுவிடுகிறார்கள், எனக்கு உண்மையில் வருத்தமாக இருக்கும். மூன்று வருகைகளின் உண்மையான நேரம் கையில் இருந்தால் நான்காவதை ஊகிக்கவே வேண்டாம். அந்த நேரத்தை நாயின் பதிவில் "இதற்கு 130 நிமிடம்" என்று பதிந்துவிட்டால், அடுத்த தடவை யார் புக் செய்தாலும் காலண்டரில் அந்த நீளத்துக்கே கட்டம் விழும்.

நேரம் குறைவாகப் போட்டால் அவதிப்படுவது நாய்தான். அடுத்த ஆள் வாசலில் நிற்கும்போது கை அவசரப்படும், நகம் ஆழமாக வெட்டுப்படும், தோல் மடிப்பில் பிளேடு இழுக்கும். வயதான நாய்களுக்கு நேரத்தைக் கூட்டிப் போடுங்கள். வெகுநேரம் நிற்க முடியாத நாய்க்கு ஒருநாள் குளியல், இன்னொரு நாள் வெட்டு என்று இரண்டாகப் பிரித்துப் புக் செய்வதில் தவறே இல்லை.

ஒவ்வொன்றுக்கும் நடுவே மேசையைத் துடைக்க, கருவிகளைக் கிருமிநீக்க, தண்ணீர் குடிக்க ஒரு பத்து, பதினைந்து நிமிட இடைவெளியைச் சாஃப்ட்வேரிலேயே நிரந்தரமாக வைத்துவிடுங்கள். கையால் வைத்தால் நெருக்கடியான நாளில் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒரு நாய் காய்ந்துகொண்டிருக்கும்போது அடுத்த நாயைத் தொடங்கலாமே? சாஃப்ட்வேர் விடமாட்டேன் என்கிறதே?

சாஃப்ட்வேர் முழு நேரத்தையும் ஒரே கட்டமாகப் பார்ப்பதால் வரும் சிக்கல் இது. சேவையைப் பகுதிகளாகப் பிரிக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்: குளியல், காய்தல், வெட்டு. நடுப் பகுதியில் உங்கள் கை தேவையில்லை என்று குறித்தால் அந்த இடத்தில் வேறு வேலையைப் போட விடும். தொட்டி, மேசை, டிரையர் ஆகியவற்றையும் தனித்தனி வளங்களாகப் பதிந்தால், இரண்டு குரூமர்கள் ஒரே தொட்டிக்கு ஒரே நேரத்தில் நாயைக் கொண்டுவரும் குழப்பம் வராது.

ஒரு எச்சரிக்கை. தட்டை மூக்கு நாய், இதய நோயுள்ள நாய், வலிப்பு வரும் நாய் ஆகியவை காயும்போது பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். அவற்றுக்கு அந்த நடுப் பகுதி காலி நேரம் கிடையாது.

ஆன்லைனில் வாடிக்கையாளரே புக் செய்ய விடலாமா?

பழைய வாடிக்கையாளருக்கு விடலாம். அவர்களுடைய நாயின் நேரம் நமக்குத் தெரியும், சாஃப்ட்வேருக்கும் தெரியும். புதியவர்களுக்குக் "கோரிக்கை" நிலையில் வைத்து, நாம் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே உறுதியாகும்படி செய்வது நல்லது. தன் நாயின் அளவை யாரும் வேண்டுமென்று தவறாகச் சொல்வதில்லை. ஆனால் "நடுத்தர அளவு" என்றால் எத்தனை கிலோ என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எடை, இனம், கடைசியாக முடி வெட்டிய மாதம், இன்றைக்கு எடுத்த ஒரு படம், இந்த நான்கையும் படிவத்தில் கேட்டால் போதும். படம் ஒன்றே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும்.

முன்பே மேசையில் கடித்திருக்கிறதா, மருத்துவர் எதையாவது தவிர்க்கச் சொல்லியிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். கேட்கும் தொனி முக்கியம். "எந்த இடத்தைத் தொட்டால் பிடிக்காது?" என்று கேட்டால் உண்மையான பதில் வரும். "கடிக்குமா?" என்று கேட்டால் எல்லாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

அப்புறம் சில வரம்புகள்: ஒரு நாளில் பெரிய இரட்டை அடுக்கு முடி நாய்கள் எத்தனை என்று ஓர் எல்லை, கடைசி நிமிடப் புக்கிங்குக்கு ஓர் எல்லை. இவை இல்லாமல் ஆன்லைனைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் நான்கு ஹஸ்கிகள் வந்து நிற்கும்.

அடுத்த அப்பாயின்ட்மென்ட்டை அப்போதே போட்டுவிடுவது நல்லதா?

நல்லது. பூடில் போன்ற தொடர்ந்து வளரும் சுருட்டை முடிக்கு நான்கு முதல் ஆறு வாரம், நகத்துக்கு மூன்று நான்கு வாரம் என்று பொதுவாகச் சொல்லலாம். "மாதா மாதம் 5ஆம் தேதி" என்று போடாமல் "ஆறு வாரத்துக்கு ஒரு செவ்வாய்" என்று போடுங்கள். தேதி விடுமுறையில் போய் விழும், கிழமை வீட்டாரின் வழக்கத்தோடு ஒத்துப் போகும். விடுமுறைகளை முதலில் காலண்டரில் அடைத்துவிட்டு அப்புறம் தொடர் புக்கிங்கை உருவாக்குங்கள்.

ரிமைண்டர் எஸ்எம்எஸ் தமிழில் அனுப்பினால் செலவு கூடுகிறது. ஏன்?

எழுத்துக் கணக்குதான் காரணம். ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துகள் வரை போகும். ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் முழுச் செய்தியும் யூனிகோடுக்கு மாறி, எல்லை 70 ஆகச் சுருங்கும். அதைத் தாண்டினால் 67, 67 ஆக உடைந்து ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். அதோடு தமிழில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "ஜூலி" நம் கண்ணுக்கு இரண்டு எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் நான்கு. "அப்பாயின்ட்மென்ட்" என்ற ஒரு சொல்லே 17 இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இதை வைத்து வார்ப்புருவை இறுக்கி எழுதலாம். "நாளை காலை 10 மணிக்கு ஜூலிக்குக் குளியல். வர முடியாவிட்டால் சொல்லவும்." எண்ணிப் பார்த்தால் 69, ஒரே செய்தியில் அடங்கும். நாயின் பெயர் நீளமாக இருந்தால் தாண்டிவிடும் என்பதையும் மனதில் வைத்து இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டு ரிமைண்டர் போதும். இரண்டு நாள் முன்னால் ஒன்று, பதில் கேட்டு. அந்த இடைவெளி இருந்தால்தான் யாராவது வர முடியாது என்று சொன்னதும் காத்திருப்புப் பட்டியலில் இருந்து வேறு ஒருவரைக் கூப்பிட முடியும். அன்று காலையில் ஒன்று, சும்மா நினைவுக்கு. அதற்கு மேல் அனுப்பினால் நம் எண்ணையே தடுத்துவிடுவார்கள்.

சொல்லாமல் வராமல் போகிறவர்களை எப்படிக் கையாள்வது?

முதல் தடவை என்றால் போன் போட்டு "எல்லாரும் நலமா?" என்று கேளுங்கள். நாய்க்கு உடம்பு சரியில்லாமல் மருத்துவரிடம் ஓடியிருக்கலாம். வராத நாளை அந்த அப்பாயின்ட்மென்ட்டை நீக்கி மறைக்காமல், "வரவில்லை" என்ற நிலையில் வையுங்கள். நீக்கிவிட்டால் எத்தனை தடவை என்று பின்னால் தெரியாது. மூன்றாவது தடவைக்கு முன்பணம் கேட்கலாம். அந்த விதியைப் புக் செய்யும்போதே எழுத்தில் காட்டியிருக்க வேண்டும். காத்திருப்புப் பட்டியலில் "எந்த நாள், எந்த நேரம் முடியும், எவ்வளவு முன்னால் சொன்னால் போதும்" என்று குறித்திருந்தால் காலியான இடம் பெரும்பாலும் நிரம்பிவிடும்.

கைபேசிக் காலண்டரோடு இணைத்தேன். இரட்டைப் புக்கிங் வருகிறதே?

இணைப்பு ஒருவழியா இருவழியா என்று பாருங்கள். ஐசிஎஸ் சந்தாவாக (காலண்டரை ஓர் இணைப்பு முகவரி வழியே வாங்கிக் காட்டும் முறை) இணைத்திருந்தால் அது ஒருவழி, அதோடு புதுப்பிக்கச் சில மணி நேரம்கூட ஆகலாம். அதைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புக் செய்வது சாஃப்ட்வேரில் மட்டும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டால் பிரச்சினை தீரும். சொந்த வேலைகளையும் சாஃப்ட்வேரிலேயே அடைத்து வையுங்கள்.

வாடிக்கையாளரின் கார்டு எண்ணைக் குறிப்பில் எழுதி வைக்கலாமா?

ஒருபோதும் கூடாது. கார்டின் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு சேமிக்கவே கூடாது என்பது பிசிஐ டிஎஸ்எஸ் என்ற கார்டுத் துறையின் விதி. சாஃப்ட்வேரோடு இணைந்த கட்டண வசதி, கார்டு எண்ணுக்குப் பதில் ஒரு டோக்கனை, அதாவது ஒரு மாற்றுக் குறியீட்டை, வைத்துக்கொள்ளும், அது போதும். வீட்டுக்கே போய்க் குரூமிங் செய்பவர்கள் கேட் எண், சாவி இருக்கும் இடம் போன்றவற்றைப் பொதுக் குறிப்பில் எழுதுவதும் இதே மாதிரி ஆபத்தானது. பூட்டிய கட்டம் இல்லை என்றால் எழுதவே வேண்டாம்.

தன்னைப் பற்றிய விவரங்களின் நகலை யாராவது கேட்டால் கொடுங்கள். அழிக்கச் சொன்னாலும் கேளுங்கள், கணக்குக்காகச் சட்டம் வைத்திருக்கச் சொல்வதைத் தவிர. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இந்த இரண்டையும் உரிமையாகவே தருகிறது. வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற சட்டங்கள் உண்டு.

பணியாளர்கள் எல்லாரும் ஒரே கடவுச்சொல்லில் நுழைகிறோம். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு கணக்கு இருந்தால் குறிப்பை எழுதியது யார் என்று தெரியும், சந்தேகம் வந்தால் அவரிடமே கேட்கலாம். குளியல் மட்டும் பார்க்கிறவருக்கும் எச்சரிக்கைக் குறிப்பு எழுதும் அனுமதி இருக்க வேண்டும். நாயின் தோலை முதலில் நனைத்துப் பார்ப்பது அவர்தான். வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாகப் பதிவிறக்கும் அனுமதி கடை உரிமையாளரிடம் மட்டும் இருக்கட்டும். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை அன்றே முடக்குங்கள், ஆனால் அவர் எழுதிய குறிப்புகள் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

இணையம் போய்விட்டால்?

முந்தின நாள் மாலை கடையை மூடும் முன் மறுநாள் பட்டியலை அச்செடுத்துவிடுங்கள்: நேரம், பிராணியின் பெயர், உரிமையாளர் எண், சேவை, முன்பு சொன்ன மூன்று எச்சரிக்கைகள் (கடிக்கும் அல்லது பயப்படும் இடம், உடல்நலக் குறை, ஒவ்வாமை). ஒரு தாளில் அடங்கும். அன்று தாளில் எழுதியதை இணையம் வந்ததும் ஏற்றிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடுங்கள், அதில் மற்றவர்களின் கைபேசி எண்கள் இருக்கின்றன. மாதம் ஒரு தடவை முழுப் பதிவையும் பதிவிறக்கி வேறு ஓர் இடத்தில் வையுங்கள். பதிவிறக்கியதைத் திறந்து, எச்சரிக்கைக் குறிப்புகளும் படங்களும் அதில் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல சாஃப்ட்வேர் பெயரையும் எண்ணையும் மட்டும் கொடுத்துவிட்டுக் குறிப்புகளை விட்டுவிடுகிறது. அப்படியென்றால் குறிப்புகளைத் தனியாக எப்படி எடுப்பது என்று அவர்களின் உதவி மையத்திடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.